டிவிடி, ப்ளூ-ரே படங்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற எந்த மென்பொருள்?

கேள்வி: என்னிடம் சுமார் 150 டிவிடிகளும் 30 ப்ளூ-ரேக்களும் இருக்கின்றன. எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. இவை போக, வீட்டு விசேஷங்களைப் பதிவு செய்த டிவிடிகள் பத்துப் பன்னிரண்டு. பிளேயர் பழுதாகிவிட்டதால் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, டிவியிலும் டேப்லெட்டிலும் பார்க்க நினைக்கிறேன். எந்த மென்பொருளைப் பார்த்தாலும் ‘ஒரே கிளிக்கில் வேலை முடியும்’ என்கிறார்கள். ஒன்றின் இலவசப் பதிப்பை முயன்று பார்த்தேன். ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிகிறார்கள். யாராவது கையை வீசினால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வருகின்றன. சப்டைட்டிலைக் காணவில்லை. காசு கொடுத்து எதை வாங்கினால் இந்தத் தொல்லைகள் இருக்காது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளும் அமைப்புகளில் சரிசெய்யக்கூடியவை. அவை எதனால் வருகின்றன என்று தெரியாமல் விலை உயர்ந்த மென்பொருளை வாங்கினாலும் அதே ஒல்லி மனிதர்கள்தான் வருவார்கள்.

முதலில் சட்டம். கடையில் விற்கும் பெரும்பாலான டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற பூட்டும், ப்ளூ-ரேக்களில் ஏஏசிஎஸ் என்ற பூட்டும் இருக்கின்றன. சொந்தமாக வாங்கிய படத்தை நகலெடுப்பது ஒரு கேள்வி, அந்தப் பூட்டைத் திறப்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் எல்லா நாட்டிலும் ஒரே பதில் கிடையாது. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டம் பூட்டைத் திறப்பதையே தடை செய்கிறது. பிரிட்டன் 2014-இல் தனிப்பட்ட நகலுக்கு விலக்கு கொடுத்தது, 2015-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே நீங்கள் இருக்கும் நாட்டின் நிலவரத்தை விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வாடகைக்கு எடுத்தது, நண்பரிடம் இரவல் வாங்கியது, ஓடிடியில் பார்ப்பது ஆகியவற்றுக்கு இந்தப் பதில் பொருந்தாது. வீட்டு விசேஷ டிவிடிகளில் பூட்டே இல்லை என்பதால் அவற்றைத் தயங்காமல் ஏற்றலாம்.

இனி மென்பொருள். ‘ஒரே கிளிக்’ என்று விற்கப்படுவதற்குள் உண்மையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. டிஸ்க்கில் இருப்பதை அப்படியே படித்து ஃபைலாக எடுப்பது ஒன்று. அந்த ஃபைலைச் சுருக்கி வேறு வடிவத்துக்கு மாற்றுவது இன்னொன்று. முதல் வேலையில் தரம் குறையாது. இரண்டாவதில் எப்போதும் கொஞ்சமாவது குறையும். இரண்டையும் ஒரே பொத்தானுக்குள் அடைத்துவிட்டால் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கருவி வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இதற்கும் முன்னால் ஒரு கணக்கு. உங்களுக்குச் சுருக்கும் வேலை தேவைதானா? இரட்டை அடுக்கு டிவிடியில் அதிகபட்சம் 8.5 ஜிபி அடங்கும். 150 டிவிடியும் நிரம்பி வழிந்தாலும் 1,275 ஜிபிதான். இரட்டை அடுக்கு ப்ளூ-ரே 50 ஜிபி, அப்படி 30 என்றால் 1,500 ஜிபி. விசேஷ டிவிடிகள் தலா 4.7 ஜிபி வீதம் ஐம்பத்துச் சொச்சம். மொத்தம் 2.8 டிபி. முழுப் படம் மட்டும் போதும், டிரெய்லரும் பேட்டிகளும் வேண்டாம் என்றால் இதில் கணிசமாகக் குறையும். ஆக ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் உங்கள் சேகரிப்பு முழுவதும் தரம் துளியும் குறையாமல் அடங்கிவிடும். டேப்லெட்டுக்கு மட்டும் சிறிய நகல் தேவைப்படும், அதுவும் பயணத்தில் பார்க்க விரும்பும் படங்களுக்கு மட்டும். 180 டிஸ்க்கையும் சுருக்கக் கணினியை வாரக்கணக்கில் ஓட விட வேண்டிய அவசியமே இல்லை.

படித்தெடுக்கும் வேலைக்கு மேக்எம்கேவி ஏற்றது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படம், ஒலி, சப்டைட்டில், சாப்டர் எதையும் மாற்றாமல் எம்கேவி என்ற ஒற்றை ஃபைலுக்குள் வைத்துத் தரும். டிவிடிகளைப் படிக்கும் பகுதி இலவசம். ப்ளூ-ரே பகுதிக்கு 30 நாள் சோதனைக் காலம் உண்டு, பிறகு உரிமம் வாங்க வேண்டும். மென்பொருள் பீட்டா நிலையில் இருக்கும்வரை, சில வாரங்களுக்குச் செல்லுபடியாகும் தற்காலிகச் சாவியையும் அதைத் தயாரித்தவர்களே வெளியிடுகிறார்கள். 30 ப்ளூ-ரேக்களையும் ஒரே மூச்சில் முடிக்க முடிந்தால் சோதனைக் காலமே போதும்.

டிஸ்க்கைப் போட்டதும் அது ஒரு பட்டியல் காட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு ‘டைட்டில்’. இரண்டரை மணி நேரப் படம் ஒரு டைட்டில், நான்கு நிமிடப் பாட்டு இன்னொன்று. நீளத்தைப் பார்த்துப் படத்தை மட்டும் டிக் செய்தால் போதும். சில ப்ளூ-ரேக்களில் மட்டும் ஒரே நீளத்தில் ஐந்தாறு டைட்டில்கள் வரும். சில சமயம் மொழிக்கு ஒன்றாகத் தலைப்பு எழுத்துகள் மாறியிருக்கும். சில சமயம் காட்சிகளை முன்பின்னாக மாற்றி வேண்டுமென்றே போட்ட போலிகளாக இருக்கும். போலி என்று சந்தேகம் வந்தால் ஒன்றை எடுத்து நடுவில் நான்கைந்து இடங்களில் ஓட்டிப் பாருங்கள், கதை தாவினால் அது போலி. டைட்டில் வரியை விரித்தால் ஒலித்தடங்களும் சப்டைட்டில்களும் வரும். தேவையில்லாத மொழிகளை இங்கேயே நீக்கிவிடலாம். இயக்குநர் பேசும் விளக்க ஒலித்தடம் இருந்தால் அது முதல் தடமாக வந்துவிடாமல் கவனியுங்கள். இல்லாவிட்டால் படம் தொடங்கியதும் வசனத்துக்குப் பதில் விளக்கவுரை கேட்கும். இதைப் பின்னால் கண்டுபிடித்தாலும் டிஸ்க்கை மறுபடி தேட வேண்டாம். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தடங்களின் வரிசையை மாற்றலாம், வேண்டாததை நீக்கலாம். படத்தைத் தொடாததால் சில நிமிடங்களில் வேலை முடியும்.

டிவிடியில் உள்ள வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்து விஓபி ஃபைல்களை அப்படியே நகலெடுத்துத் தனித்தனியாக மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த வழிக்குப் போகாதீர்கள். ஒரு படம் 1 ஜிபி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும், வெட்டு வசனத்தின் நடுவில்கூட விழும். எந்தத் துண்டு எந்த வரிசையில் என்ற தகவல் பக்கத்தில் உள்ள ஐஎஃப்ஓ ஃபைலில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் ஒட்டினால் உதட்டசைவும் ஒலியும் விலகத் தொடங்கும்.

சுருக்கும் வேலைக்கு ஹேண்ட்பிரேக். இலவசம், மூலநிரல் திறந்தது, விளம்பரம் கிடையாது. பூட்டுள்ள டிஸ்க்கை அது தானாகத் திறக்காது. மேக்எம்கேவி தந்த ஃபைலையோ பூட்டில்லாத விசேஷ டிவிடியையோ கொடுக்கலாம். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளுக்கும் மருந்து இங்கேதான் இருக்கிறது.

ஒல்லி மனிதர்கள்: டிவிடியில் படம் 720 x 576 புள்ளிகளாக, அல்லது 720 x 480 ஆகப் பதிவாகியிருக்கும். அகலத்திரைப் படமும் இதே பெட்டிக்குள்தான் நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். ‘காட்டும்போது 16:9 ஆக விரி’ என்ற குறிப்பு ஃபைலோடு கூடவே வரும். விரித்தால் 1024 x 576. அந்தக் குறிப்பை மதிக்காத மென்பொருள் 720 x 576-ஐ அப்படியே காட்டும், அதனால்தான் முகங்கள் நீள்கின்றன. ஹேண்ட்பிரேக்கில் ‘டைமென்ஷன்ஸ்’ பகுதியில் ‘அனமார்ஃபிக்’ என்பது ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் சரியாக வரும். நீங்களாக அகல உயரத்தைத் தட்டச்சு செய்ய வேண்டாம்.

சீப்புக் கோடுகள்: இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், எல்லா டிஸ்க்குக்கும் ஒரே மருந்து கிடையாது. பழைய கேமராவில் எடுத்த விசேஷ வீடியோ ஒரு நொடிக்கு 50 அல்லது 60 அரைப்படங்களாகப் பதிவாகியிருக்கும். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டு அரையையும் ஒன்றாக்கிக் காட்டினால், இடைப்பட்ட நேரத்தில் நகர்ந்த கை இரண்டு இடத்தில் தெரியும், அதுதான் சீப்பு. இதற்கு ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் ‘டிஇன்டர்லேஸ்’ என்பதை இயக்கி, அதில் ‘பாப்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு அரையிலிருந்தும் ஒரு முழுப் படம் உருவாகும், அசைவு வழுவழுப்பாக இருக்கும். ஃபிரேம் ரேட்டை ‘சேம் அஸ் சோர்ஸ்’ என்று விட்டுவிடுங்கள். 25 என்று கட்டாயப்படுத்தினால் கிடைத்த அசைவில் பாதி போய்விடும்.

திரைப்படங்கள் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்டவை. 720 x 480 டிஸ்க்கில் அவற்றை நொடிக்கு 30 ஆக்குவதற்காக அரைப்படங்களைத் திரும்பத் திரும்பக் கலந்திருப்பார்கள். அப்போது ஐந்து படத்துக்கு இரண்டில் மட்டும் சீப்பு தெரியும். அதற்கு ‘டிடெலிசைன்’ ஃபில்டர். கலந்ததைப் பிரித்து மூல 24-ஐ மீட்டுத் தரும். 720 x 576 டிஸ்க்கில் படத்தை 25-க்கு வேகப்படுத்திவிடுவதால் பெரும்பாலும் சீப்பே இருக்காது. இரண்டும் புரியாவிட்டால் ‘டிகோம்ப்’ வைத்துக்கொள்ளலாம். அது சீப்பு உள்ள படங்களை மட்டும் தேடித் திருத்தும். எல்லாப் படத்துக்கும் டிஇன்டர்லேஸ் போட்டுவிடுவது மட்டும் கூடாது, நன்றாக இருக்கும் படத்தின் கூர்மையை அது வீணாகக் குறைக்கும்.

காணாமல் போன சப்டைட்டில்: டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, சின்னச் சின்னப் படங்களாக இருக்கிறது. ப்ளூ-ரேயின் பட சப்டைட்டிலை எம்பி4 ஏற்காது. மென்பொருள் அதை விட்டுவிடும், அல்லது படத்தின் மேலேயே நிரந்தரமாக அச்சடித்துவிடும். எம்கேவி ஏற்கும், விருப்பம்போல் போடலாம், எடுக்கலாம். எம்பி4 மட்டுமே ஓடும் கருவி என்றால் சப்டைட்டிலை எழுத்தாக மாற்ற வேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருள் படத்தைப் பார்த்து எழுத்தை அடையாளம் காணும், ஆனால் பிழைகள் இருக்கும், கண்ணால் ஒரு முறை பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். படத்தில் யாராவது வேற்றுமொழி பேசும் இடத்தில் மட்டும் வரும் சப்டைட்டிலுக்கு, ஹேண்ட்பிரேக்கின் சப்டைட்டில் பகுதியில் ‘ஃபாரின் ஆடியோ ஸ்கேன்’ என்ற வசதி இருக்கிறது.

டேப்லெட் நகலின் தரத்தை ‘ஆர்எஃப்’ என்ற எண்ணால் அமைக்க வேண்டும். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை, 1080 வரிகள் கொண்ட ப்ளூ-ரேக்கு 20 முதல் 23 வரை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. டிவிடி பெரும்பாலும் 1 முதல் 2 ஜிபிக்குள் வந்துவிடும். ப்ளூ-ரேயில் அளவைக் கணிக்கவே முடியாது, அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். வழவழப்பான அனிமேஷன் படம் 3 ஜிபியில் முடியும் இடத்தில், ஃபிலிமில் எடுத்த பழைய படம் அதே எண்ணில் 15 ஜிபி கேட்கும். ஃபிலிமின் மணல் போன்ற துகள்கள் ஒவ்வொரு நொடியும் இடம் மாறுவதால் அவற்றைச் சுருக்க வழியில்லை. அந்தத் துகள்களைக் காக்கத்தான் அவ்வளவு இடமும் போகிறது. ‘எல்லாப் படமும் 700 எம்பி’ என்று அளவை முதலில் நிர்ணயிக்கும் மென்பொருளில் அத்தகைய படங்கள் மெழுகுப் பூச்சாகிவிடும்.

எச்.264 வடிவம் எந்தக் கருவியிலும் ஓடும், டிவிடிக்கு அதுவே போதும். ப்ளூ-ரேயைச் சுருக்க எச்.265 இடம் மிச்சப்படுத்தும், உங்கள் டேப்லெட் அதை ஓட்டுகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு சுருக்கும் முறைகள் பல மடங்கு வேகமானவை, ஆனால் அதே தரத்துக்குப் பெரிய ஃபைல் தரும். அவசரமில்லாவிட்டால் பிராசஸரிலேயே ஓட விடுங்கள். ஒலிக்கு டேப்லெட் நகலில் ஏஏசி ஸ்டீரியோ ஒரு தடம் போதும்.

டிவி விஷயத்தில் ஒரு சோதனை பாக்கி. சுருக்காத டிவிடி நகலில் உள்ள எம்பெக்-2 வீடியோவையும் பட சப்டைட்டிலையும் யூஎஸ்பி வழியாக ஓட்டுவதில் டிவிக்கு டிவி வேறுபாடு உண்டு. ஒரே ஒரு படத்தை எடுத்து உங்கள் டிவியில் செருகிப் பாருங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிவி தடுமாறினால் மொத்தச் சேகரிப்பையும் மாற்றத் துணியாதீர்கள். கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருள் உள்ள சிறு பெட்டி ஒன்றை டிவியோடு இணைப்பதும், ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைக் கணினியில் போட்டுப் படங்களை அங்கிருந்து டிவிக்கு அனுப்புவதும் அதைவிட எளிது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கத்தான் விருப்பம் என்றால், தவறில்லை. வாங்கும் முன் இப்படிச் சோதியுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே தொல்லை பிடித்த டிஸ்க்கை, அதாவது அகலத்திரை, இரண்டு மூன்று மொழி ஒலி, சப்டைட்டில் எல்லாம் உள்ள ஒரு டிவிடியை, சோதனைப் பதிப்பில் போடுங்கள். ‘தரம் குறையாத நகல்’ முறையில் எடுக்கச் சொல்லுங்கள். வந்த ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறங்கள். வீடியோ பகுதியில் ‘எம்பெக் வீடியோ, வெர்ஷன் 2’ என்று இருந்தால் அது சொன்ன சொல் காப்பாற்றியது. ‘ஏவிசி’ (எச்.264) அல்லது ‘எச்இவிசி’ (எச்.265) என்று இருந்தால் ரகசியமாகச் சுருக்கியிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் திரை விகிதம் 16:9 என்று இருக்கிறதா, ஒலித்தடங்களும் சப்டைட்டில்களும் எத்தனை, கீழே சாப்டர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். உரிமம் ஆண்டுச் சந்தாவா ஒரே முறையா, எத்தனை கணினிக்கு என்பதையும் படியுங்கள். ‘டிவிடியை 4கே ஆக்கும்’ என்ற வசதிக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். 576 வரிகளில் பதிவாகாத விவரத்தை மென்பொருள் ஊகித்துத்தான் வரைய முடியும், முகங்களில் அந்த ஊகம் பளிச்சென்று தெரியும்.

எதையும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அதுகூட முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்க சர்வர்களில் ஒன்றுக்குள் புகுந்தவர்கள் மேக் பதிப்பை மாற்றி, புரோட்டான் என்ற தீநிரலை வைத்துவிட்டார்கள். தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்புக் குறியீட்டை, இறக்கிய ஃபைலின் குறியீட்டோடு ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். ஒரு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

வேலையை விசேஷ டிவிடிகளிலிருந்து தொடங்குங்கள். கடையில் வாங்கிய டிஸ்க்கில் தகவல் அச்சாகப் பதிந்திருக்கும். வீட்டில் எழுதியதில் அது பெரும்பாலும் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, வெயிலும் வெப்பமும் பட்டால் சாயம் மங்கும். அவற்றுக்கு வேறு பிரதியும் கிடையாது. கணினியில் போட்டால் ‘காலி டிஸ்க்’ என்று காட்டினால் பதற்றப்பட்டு அதன் மேல் எதையும் எழுதிவிடாதீர்கள். பதிவு செய்த கருவியில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டிருக்கலாம். அந்தக் கருவியையோ அதே மாடலையோ தேடி ஃபைனலைஸ் செய்தால் படம் தெரியும்.

படிக்கும்போது ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் தடத்தின் போக்கிலேயே நீளமாகப் போகும், அதை டிரைவால் சமாளிக்க முடியாது. பிறகும் நின்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒரு டிரைவ் திணறும் டிஸ்க்கை இன்னொன்று எளிதாகப் படிப்பது சாதாரணம். வேறு நாட்டு மண்டலக் குறியீடு உள்ள டிஸ்க்குக்காக டிரைவின் மண்டலத்தை மாற்றச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியில் வைத்தது நிலைத்துவிடும்.

எடுத்த ஒவ்வொரு படத்தையும் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் ஓட்டிப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிவிடியில் ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியில் வரும், அங்கே பிசகு நேரலாம் என்பதால் நடுவில் கூடுதலாக ஒரு நிமிடம் பாருங்கள். ஃபைலுக்குப் படத்தின் பெயரோடு வெளியான ஆண்டையும் சேர்த்து வைத்தால் கோடியும் ஜெல்லிஃபினும் தாமாகவே போஸ்டரைத் தேடி எடுத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் இன்னொரு 4 டிபி ஹார்டு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள்.